மாதம் 1,500 ரூபாயில் உடம்பு ஏறுமா?

கேள்வி: கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டல் வாசம். எடை 58 கிலோ. நாலு மாதமாக ஜிம் போகிறேன், எடை நகரவே இல்லை. கோச் 3,000 ரூபாய்க்கு புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. காலை டிபன் பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. அறையில் ஒரு எலக்ட்ரிக் கெட்டில் இருக்கிறது. முட்டை சாப்பிடுவேன். என்ன செய்யலாம்?

பதில்: பவுடரை விடுங்கள். எனக்கு உறுத்துவது அந்தக் காலை டிபன்தான். மெஸ்ஸுக்கு முழுக் காசையும் கட்டிவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டைத் தூக்கத்துக்குத் தாரை வார்க்கிறீர்கள். 1,500 ரூபாயில் கை வைப்பதற்கு முன் அதை மீட்டெடுங்கள்.

எடைப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். உங்கள் எடைக்கு நாளுக்கு 93 கிராம். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் இட்லி, சாம்பார், சோறு, தயிர், சப்பாத்தி என்று மெஸ்ஸிலேயே சுமார் 40 கிராம் தேறும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாம்பார் வாளியில் பருப்பெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலாக மொண்டால் புளித்தண்ணீர்தான் வரும். "அண்ணா, நல்லா கலக்கி அடியிலேருந்து ஊத்துங்க" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு, அதனால் சோறும் பருப்பும் சேர்ந்தால்தான் புரதம் முழுமையாகும்.

மீதி 53 கிராமுக்கு நாளுக்கு 50 ரூபாய் இருக்கிறது. விலை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறலாம், கணக்கு இப்படித்தான் வரும். மூன்று முட்டை, 20 ரூபாய், 18 கிராம். 50 கிராம் நிலக்கடலை, 8 ரூபாய், 12 கிராம். கால் லிட்டர் பால், 10 ரூபாய், 8 கிராம். 30 கிராம் மீல் மேக்கர், 6 ரூபாய், 15 கிராம். 44 ரூபாயில் 53 கிராம் வந்துவிட்டது. மிச்சக் காசுக்கு வாழைப்பழம்.

முட்டையைக் கெட்டிலிலேயே வேகவைக்கலாம் (வார்டன் என்ன சொல்வார் என்பது என் துறை அல்ல). ஓட்டை நன்றாகக் கழுவி, முட்டை மூழ்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். கொதித்து ஸ்விட்ச் அணைந்ததும் மூடியைத் திறக்காமல் 15 நிமிடம் விட்டால் போதும். சினிமாவில் வருவதுபோல் பச்சையாக உடைத்துக் குடிக்க வேண்டாம். வெந்த முட்டையின் புரதம் செரிக்கிற அளவுக்குப் பச்சை முட்டையினுடையது செரிக்காது, கிருமித் தொற்று வேறு வரலாம். மஞ்சள் கருவையும் எறியாதீர்கள். முட்டைப் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது.

மீல் மேக்கரைக் கொதிநீரில் 15 நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்து, மெஸ் குருமாவில் போட்டுப் பிசைந்துகொள்ளுங்கள். பிழியாவிட்டால் அந்தப் பச்சை வாடைக்கு மறுநாள் தொடவே மாட்டீர்கள். முதல் வாரம் பாதி அளவு போதும், இல்லையென்றால் வயிறு உப்பிக்கொண்டு அறைத் தோழர்களுக்குத்தான் சிரமம். "அதைத் தின்றால் ஆண்மை போய்விடும்" என்று ஜிம்மில் யாராவது சொல்வார்கள். இந்த அளவுக்கு அப்படி எதுவும் ஆகாது.

கடலையை இரவே ஊறப்போடுங்கள். சுருங்கியது, பூஞ்சை படிந்தது, கசப்பது எதையும் வாயில் போடாதீர்கள், அதில் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். பாதாம் வாங்க முடியவில்லையே என்ற கவலையே வேண்டாம், 100 கிராம் பாதாமில் 21 கிராம் புரதம்தான், நிலக்கடலையில் 25. பாலுக்கு அரை லிட்டர் பாக்கெட்டை அறைத் தோழனோடு பங்கு போடுங்கள். கெட்டிலில் காய்ச்சினால் அடிப்பிடித்து நாறும். மெஸ் அண்ணனிடம் கொடுத்தால் காய்ச்சித் தருவார்.

பவுடர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கோச் சொல்லும் 3,000 ரூபாய்க்கு ஒரு கிலோ டப்பா கிடைத்தாலும் ஒரு கிராம் புரதம் 3 ரூபாய்க்கு மேல் விழுகிறது, முட்டையில் ஒரு ரூபாய்ச் சொச்சம், மீல் மேக்கரில் அரை ரூபாய்கூட இல்லை. வேலைக்குப் போன பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதம் ஒரு கிலோ ஏறினால் சரியான பாதை. இரண்டு கிலோவைத் தாண்டி, இடுப்புப் பட்டையும் இறுகினால் இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள், முட்டையில் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.