மதுரைப் பக்கம் குறைந்த செலவில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?

தீம் பார்க் டிக்கெட் கட்டுப்படியாகவில்லை, பள்ளி லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முதல் தேர்வு, அகழாய்வில் பழங்காலப் பொருட்கள் கிடைத்த கீழடி. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். 2023-ல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூண்களுமாக இருக்கும். பெரியவர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளிடம் நின்றுவிடுவார்கள். பிள்ளைகளை நேரே பகடைக்காயும் சுடுமண் சில்லுகளும் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளும் விளையாடியிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் வரலாறு தானாக மனதில் ஒட்டும். வார விடுமுறை நாளை மட்டும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஓடியாடும் வயசு என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமர நிழல். மேலே பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் தீர்த்தங்கரர் (சமண சமய குருமார்) சிற்பங்கள் வரிசையாக இருக்கும், அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தும் காணலாம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. தொடவோ கிறுக்கவோ கூடாது என்று ஏறும்முன்பே சொல்லிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும், காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். தண்ணீரும் புளியோதரையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தாத்தா பாட்டியும் வந்தால் அழகர்கோவில் வசதி. டவுன் பஸ்ஸே போகும், கோயில் தோசையும் கிடைக்கும். குரங்குகளிடம் பை பத்திரம். நகரத்துக்குள்ளேயே போதுமென்றால், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.