திறனறித் தேர்வை மறுபடி எழுதினால் மதிப்பெண் கூடுமா?

பொதுவாகக் கூடும், ஆனால் கொஞ்சம்தான். 2007-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு), மறுபடி எழுதியவர்களின் சராசரி உயர்வு ஏறத்தாழ கால் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு). சராசரி 100, திட்ட விலக்கம் 15 உள்ள அளவுகோலில் இது சுமார் 4 புள்ளி. சரியாக நடுவில் இருந்தவர் நூற்றில் 60 பேரைத் தாண்டும் இடத்துக்கு நகர்வார். அதே வினாத்தாள் திரும்ப வந்தால் உயர்வு அதிகம், இணை வினாத்தாள் (அதே வகை, அதே கடினம், வேறு வினாக்கள்) என்றால் குறைவு. பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

அறிவுத்திறன் வளர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வினாவின் அமைப்பு பழகியிருக்கும், பதற்றம் குறைந்திருக்கும், எந்த வினாவைத் தாண்டிப் போகலாம் என்பது பிடிபட்டிருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. மறுபடி எழுத வருபவர்கள் பெரும்பாலும் முதல் முறை தவறியவர்கள். அந்தக் குறைந்த மதிப்பெண்ணில் துரதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. நம்பகத்தன்மை (மதிப்பெண் எவ்வளவு மாறாமல் நிலையாக வருகிறது என்பதன் அளவு; முழுமை என்றால் 1) 0.8 உள்ள தேர்வில், சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் கீழே இருந்தவர்கள் எதுவும் படிக்காமலே சராசரியாக 0.2 திட்ட விலக்கம் ஏறுவார்கள். இதைப் பயிற்சி வகுப்பின் சாதனை என்று விற்பதும் நடக்கிறது!

தயாரிப்பென்றால் நேரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதுங்கள்; நேரம் போதாமல் விட்டதையும் தெரியாமல் தவறியதையும் தனித்தனியாகக் குறியுங்கள். முதலாவதுக்கு வேகப் பயிற்சி போதும், இரண்டாவதுக்குப் பாடத்தைத்தான் திறக்க வேண்டும். வினாக்களை மனப்பாடம் செய்வது வீண்: வேலைக்கு ஆள் எடுக்கும் பல நிறுவனங்கள் இணையத் தேர்வுக்குப் பிறகு கண்காணிப்பில் ஒரு சரிபார்ப்புத் தேர்வு வைக்கின்றன.