பில்லிங் ஆப்பை டாக்கரில் ஓட்டலாமா?

தோவாளைப் பூக்கடைக்கு எழுதிய பில்லிங் ஆப் லேப்டாப்பில் ஓடுகிறது, நாகர்கோவிலில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் ஓடவில்லை, டாக்கர் (ஆப்பை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் மென்பொருள்) உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பாக உதவும். பெரும்பாலும் ஆப் பயன்படுத்தும் ஏதோ ஒரு லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) பதிப்பு இரண்டு இடத்திலும் வேறாக இருக்கும். ஆப்பையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஒரே கட்டாக, அதாவது இமேஜாக ஆக்கிவிட்டால், பிராசசர் வகை ஒன்றாக இருக்கும்வரை எங்கும் அதே கட்டுதான் ஓடும். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) மாதிரித் தனி ஓஎஸ் ஏற்ற வேண்டாம். சர்வரின் கெர்னலையே (ஓஎஸ்ஸின் மையப் பகுதியையே) பகிர்ந்துகொள்வதால் சட்டென்று கிளம்பிவிடும்.

அப்புறம், இதை மட்டும் மறக்காதீர்கள்: இமேஜிலிருந்து ஓடும் ஆப்பைக் கன்டெய்னர் என்பார்கள்; அந்தக் கன்டெய்னரை அழித்தால் அதற்குள் எழுதிய தரவும் போய்விடும். ஓணச் சீசனில் பிச்சி, வாடாமல்லி விற்ற கணக்கு முழுவதும் அப்படிப் போனால் மனசு தாங்காது. டேட்டாபேஸ் கோப்புகளை முதல் நாளே வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடத்தில்) வைத்துவிடுங்கள். வால்யூமுக்கும் தனியாக பேக்கப் வேண்டும்.