ஃப்ரூட் பஞ்சில் எங்கே ஐந்து?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் 'ஃப்ரூட் பஞ்ச்' என்று எழுதிவைத்து சிவப்பாக ஒரு பானம் கொடுத்தார்கள். ஐந்து பழச்சாறு சேர்வதால் 'பஞ்ச' என்ற வடசொல்லே பஞ்ச் ஆனது என்றார் உடன் வந்த உறவினர். உண்மையா, வாட்ஸப் சரக்கா? 'பஞ்ச் டயலாக்'கும் இதுதானா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

ஐந்து பெரும்பாலும் சரி. பழச்சாறுதான் தவறு. பஞ்ச் பிறந்தபோது அது சாராயக் கலவை.

1670களில் இங்கிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் ஃபிரையர், 1698இல் அச்சான தன் பயண நூலில் இதைச் சொல்கிறார்: கோவாவை ஒட்டிய நெரூலில் நல்ல சாராயம் காய்ச்சுகிறார்கள், அதில்தான் ஆங்கிலேயர்கள் 'பாஞ்ச்' கலக்கிறார்கள், இந்துஸ்தானியில் அதற்கு ஐந்து என்று பொருள், ஐந்து சாமான் சேர்வதால் அந்தப் பெயர். சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள்.

அதற்கும் முன்பே, 1632இல், கம்பெனி ஆள் ஒருவர் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதத்தில் 'பஞ்ச்' வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுதான். வங்காளத்தைப் பற்றி எழுதும்போது பிரெஞ்சுக்காரர் பெர்னியே இதை 'பூல்போன்ஷ்' என்கிறார். 'பௌல் ஆஃப் பஞ்ச்' அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது.

மறுப்பவர்கள் உண்டு. பெர்னியே சொல்வது சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மேலே கொஞ்சம் ஜாதிக்காய், நாலுதான். அந்தக் கால ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய 'புஞ்ச்' என்று ஒலித்திருக்கும், 'பஞ்ச'வோடு பொருந்தாது என்பது இன்னொரு வாதம். ஆகவே 'பஞ்சன்' எனும் பெரிய மரப்பீப்பாயிலிருந்து மாலுமிகள் சுருக்கிக்கொண்ட பெயர் என்கிறார்கள். உச்சரிப்பு வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. எண்ணிக்கை வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. பழனி பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் போக பேரீச்சையும் கற்கண்டும் விழுகின்றன. அதற்காக யாரும் அதை சப்தாமிர்தம் என்பதில்லை. பழைய சான்றுகள் இந்தியாவைச் சுற்றியே கிடைப்பதால் நான் ஐந்தின் பக்கம்.

சாராயம் இறங்கிப் பழம் ஏறியது பிற்காலக் கதை. 1934இல் கலிஃபோர்னியாவில் 'ஹவாயன் பஞ்ச்' உருவானபோது அது ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் பாகு. ஆரஞ்சு, அன்னாசி, பேஷன் ஃப்ரூட், கொய்யா, பப்பாளி என்று அதில் ஐந்து பழம் அமைந்தது தற்செயல்தான்.

பஞ்ச் டயலாக் வேறு குடும்பம். குத்துவது, துளைப்பது என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. ஆபீஸில் காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினுக்குத்தான் அது உறவு.