ஒப்படைத்த போர் ஏன் தோற்கிறது?

கேள்வி: கோத்தகிரியில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். வெளிநாட்டுப் படை விலகும்போது உள்ளூர்ப் படையிடம் போரை ஒப்படைப்பது ஏன் தோற்கிறது என்பதற்கு, ‘உள்ளூர்ப் படைக்குப் போராட மனமில்லை’ என்று குறிப்பு வைத்திருக்கிறேன். அது போதுமா ஐயா?

பதில்: போதாது. 1972-ல் அன் லோக் நகரை வட வியட்நாம் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றது தென் வியட்நாம் படை. 1975-ல் சில வாரங்களில் உதிர்ந்துபோனதும் அதே படைதான். மூன்று வருஷத்தில் மனம் மட்டுமா மாறியது? 1972-ல் தலைக்கு மேலே அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. அமெரிக்கப் படை விலக வழிசெய்த 1973 பாரிஸ் உடன்பாட்டுக்குப் பிறகு அவை வரவில்லை. 1974-ல் உதவிப் பணமும் வெட்டுப்பட்டது. கொடுத்துவிட்டுப் போன விமானங்களில் பல, உதிரிபாகம் இல்லாமல் தரையில் நின்றன.

ஒருநாள் குன்னூர் லோகோ ஷெட்டை எட்டிப் பாருங்கள். மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய எஞ்சின்களைக் கட்டினார்கள். அந்தக் கைத்திறன் இங்கே இல்லாவிட்டால் பல்சக்கரப் பாதை எப்போதோ துருப்பிடித்திருக்கும்.

ஆப்கானிஸ்தானில் நேர் எதிர். ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டருக்குப் பழகிய கைகளில் அமெரிக்க பிளாக் ஹாக்கைக் கொடுத்தார்கள். அதைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். 2020 தோஹா உடன்பாட்டின்படி துருப்புகளோடு அவர்களும் கிளம்ப வேண்டும். அதிலும் காபூல் அரசை வெளியே நிறுத்திவிட்டுத் தலிபானோடு போட்ட கையெழுத்து அது. மனம் உடையாமல் என்ன செய்யும்? அதை விளைவாக எழுதுங்கள், காரணமாக எழுதாதீர்கள்.

இலங்கையை விட்டுவிடாதீர்கள். இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. அதன் ஆதரவில் உருவான தமிழ் தேசிய இராணுவத்தில், பிடித்து இழுத்து வந்து சேர்த்த பையன்கள் நிறையப் பேர். அமைதிப்படை முழுசாகக் கிளம்பும் முன்பே அது புலிகளிடம் சிதறத் தொடங்கிவிட்டது. இங்கே மட்டும் உங்கள் ‘மனமில்லை’ பொருந்தும்.

அப்புறம் நஜிபுல்லா, சோவியத் ஆதரவில் ஆப்கானிஸ்தானை ஆண்ட அதிபர். 1989 பிப்ரவரியில் சோவியத் படை போனதும் சில மாதங்களில் கவிழ்வார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். மூன்று வருஷம் தாங்கினார். 1992 தொடக்கத்தில் மாஸ்கோவின் பணமும் எரிபொருளும் நின்றன, ஏப்ரலில் ஆட்சி போனது. மற்ற உதாரணங்களை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடையாது.

வியட்நாமில் போரை உள்ளூர்ப் படையிடம் ஒப்படைப்பதை 1969-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் தொடங்கியது, அதற்கு ‘வியட்நாம்மயமாக்கல்’ என்று பெயர் வந்தது, இதற்கெல்லாம் ஒரு வரி போதும். மிச்ச இடத்தை நஜிபுல்லாவுக்குக் கொடுங்கள்.