எவ்வளவு போடலாம் என்பதற்கு முன், எவ்வளவு இழக்கலாம்?

நிலாவெளியில் கடை வைத்திருக்கும் நீங்கள், சேமிப்பில் 2 இலட்சம் ரூபாயைக் கிரிப்டோ எனப்படும் டிஜிட்டல் நாணயங்களில் போட்டு வாங்கி விற்க விரும்புகிறீர்கள். நட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கேட்கிறீர்கள்.

நாணயத்தைத் தெரிவு செய்வதற்கு முன் நட்டத்தின் அளவைத் தீர்மானியுங்கள். ஒரு தடவையில் நட்டம் மொத்தப் பணத்தின் 1 வீதத்துக்கு மேல், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வையுங்கள். விலை 10 வீதம் இறங்கினால் விற்றுவிடுவது திட்டமென்றால், 20,000 ரூபாய்க்குத்தான் வாங்கலாம். அதிகம் ஆடும் நாணயமா? எல்லையை 20 வீதமாக்கி, தொகையை 10,000 ஆகக் குறையுங்கள். விற்பனைக் கட்டளையை முன்கூட்டியே போட்டாலும், திடீர்ச் சரிவில் அதைவிடக் கீழான விலைதான் கிடைக்கலாம். நீங்கள் கடை பூட்டிப் படுத்த பிறகும் இந்தச் சந்தை மூடுவதில்லை.

கடன் வாங்கிப் பெருக்கும் வர்த்தகம் வேண்டவே வேண்டாம். கையிலுள்ளதைப் போல் 10 மடங்குக்கு வாங்கினால், 10 வீதச் சரிவே போட்டதை முழுதாக விழுங்கிவிடும். பிட்கொயினே 2021 நவம்பரில் 69,000 டொலரை நெருங்கி, ஓராண்டில் 16,000க்குக் கீழே வந்தது. 2022 மே மாதத்தில் லூனா என்ற நாணயம் சில நாட்களிலேயே ஏறக்குறைய பெறுமதியற்றுப் போனது. 'மலிவாகிவிட்டதே' என்று மேலும் மேலும் வாங்கியவர்கள்தான் அதில் நொந்தார்கள்.

இலங்கை மத்திய வங்கி இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டையால் வாங்க அனுமதியில்லை என்றும் அறிவித்திருக்கிறது. ஆகவே முகம் தெரியாத இடைத்தரகருக்குக் காசு அனுப்பும் ஆபத்தும் சேர்கிறது. விலை வரைபடம் எதுவும் அதைக் காட்டாது. சரக்கெடுக்கும் பணத்தை மட்டும் தொடாதீர்கள்; வாடைக்காற்றுக் காலத்தில் பயணிகள் குறையும்போது அது தேவைப்படும்.