வீக்கம் வடிந்தும் ரிப்போர்ட் ஏன் மாறவில்லை?

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம், பாறசாலைப் பக்கம் ஆமவாதம் என்பார்கள். நான்கு மாதம் முன்பு ரிட்டுக்சிமாப் இரண்டு டோஸ் ஏற்றினார்கள். விரல் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் ரத்தத்தில் ஆன்டி-சிசிபி என்ற ஆன்டிபாடியின் அளவு அப்படியே நிற்கிறது. மருந்து கேட்கிறதா? நிமோனியா தடுப்பூசி இப்போது போடலாமா?
- வாசகி, களியக்காவிளை

பதில்: கேட்கிறது. ரிப்போர்ட்டைவிட விரலை நம்புங்கள்.

ரிட்டுக்சிமாப் குறிவைப்பது சிடி20 புரதம் உள்ள பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை. ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லில் சிடி20 கிடையாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய பிளாஸ்மா செல்கள் தப்பிவிடும்; ஆன்டி-சிசிபி மெதுவாகத்தான் இறங்கும், சிலருக்கு இறங்குவதே இல்லை.

பிறகு வீக்கம் எப்படி வடிந்தது? பி செல்லுக்கு இன்னொரு வேலை உண்டு: இன்னொரு வகை வெள்ளை அணுவான டி செல்லைத் தூண்டிவிடுவது. தன் ஏற்பியில் சிக்கிய புரதத்தை உள்ளே இழுத்து, துண்டாக வெட்டி, ஹெச்எல்ஏ-டிஆர் என்ற தாங்கி மூலக்கூறில் ஏற்றி டி செல்லிடம் நீட்டும். தன் மேல்பரப்பிலுள்ள சிடி80, சிடி86 புரதங்கள் வழியாக இரண்டாவது சைகையும் தரும். ஐஎல்-6 என்ற சைகைப் புரதத்தைச் சுரந்து டி செல்லை அழற்சிப் பக்கம் திருப்பும். (ஐஎல்-10 சுரந்து அடக்கிவைக்கும் பி செல்களும் உண்டு, எல்லாமே வில்லன் அல்ல.)

முடக்குவாதத்தில் ஆர்எஃப் (ருமட்டாய்டு ஃபேக்டர்) என்ற ஆன்டிபாடி வகையைச் சேர்ந்த பி செல் ஒரு தனி ரகம். அது பிடிப்பது இன்னொரு ஆன்டிபாடியின் வாலை. செக்போஸ்ட்டில் லாரியை மடக்கினால் சரக்கும் சேர்ந்து சிக்குமே, அதுபோல அந்த ஆன்டிபாடி சுமந்துவந்தது எதுவானாலும் உள்ளே போய்விடும். அதனால் பலவகை டி செல்களோடு அதற்குக் கூட்டு. பி செல் போனால் அந்தக் கூட்டும் கலைகிறது.

பி செல் குறைந்ததா என்று பார்க்க அதன் இன்னொரு புரதமான சிடி19-ஐ வைத்து எண்ணிக்கை எடுப்பார்கள். சிடி20-ஐ மருந்தே மறைத்துவிடும். அடுத்த கோர்ஸை முடிவுசெய்வது மூட்டும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும்தான். அதற்கு முன் ரத்தத்தின் முக்கிய ஆன்டிபாடியான ஐஜிஜி அளவையும் பாருங்கள்.

நிமோனியா தடுப்பூசி இப்போது வேண்டாம். பி செல் இல்லாமல் ஆன்டிபாடி சரியாக உருவாகாது. அடுத்த கோர்ஸ் நெருங்கும்போது போட்டு, குறைந்தது 2 வாரம், முடிந்தால் 4 வாரம் கழித்து மருந்து ஏற்றச் சொல்லுங்கள். கான்ஜுகேட் வகையைக் கேளுங்கள்: கிருமியின் சர்க்கரைப் பொருளோடு ஒரு புரதம் ஒட்டியிருக்கும், பி செல் அந்தப் புரதத்தைக் காட்டித்தான் டி செல்லின் உதவியை வாங்குகிறது. ஃப்ளூ ஊசிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், சீசனில் போட்டுவிடலாம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதுவும் கூடாது.

முதல் டோஸுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி-க்கு இரண்டு டெஸ்ட், ஹெச்பிஎஸ் ஆன்டிஜென், ஆன்டி-ஹெச்பிசி, எடுத்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அவை இல்லையென்றால் இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். ஈரலில் பதுங்கிய வைரஸை இந்த மருந்து எழுப்பிவிடக்கூடும்.